லண்டன் குளங்களில் ரிமோட் பாய்ப்படகு

லண்டனில் ரிமோட் படகு விடலாமா, எங்கே விடலாம், எதை வாங்கலாம் என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பெரும்பாலும் பிள்ளைக்குப் பிறந்தநாள் வரும் வாரத்தில்தான் இந்தக் கேள்வி வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் அனுப்புவதைவிட இங்கேயே விரிவாக எழுதிவிடுகிறேன். சுருக்கமாகக் கேட்டால் என் பதில் இதுதான்: தாராளமாக விடலாம், ஆனால் மோட்டார் வைத்த வேகப் படகை வாங்காதீர்கள், பாய் கட்டிய படகை வாங்குங்கள். பொது நீர்நிலை என்றால் அதில் அன்னம் இருக்கும், வாத்து இருக்கும், தூண்டில் போடுகிறவர் இருப்பார், கரையில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து உட்கார்ந்திருக்கும் அம்மா இருப்பார். இவர்கள் யாருக்கும் தொல்லை இல்லாமல் மணிக்கணக்கில் விளையாடக்கூடிய ஒன்று பாய்ப்படகுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

எனக்குப் பிடித்த இடம் கென்சிங்டன் கார்டன்ஸில் இருக்கும் ரவுண்ட் பாண்ட். பெயர்தான் ரவுண்டே தவிர உண்மையில் அது வட்டம் கிடையாது, மூலைகளை வளைத்துவிட்ட செவ்வகம் மாதிரி இருக்கும். 1730இல், இரண்டாம் ஜார்ஜ் மன்னர் காலத்தில், கென்சிங்டன் அரண்மனைக்கு முன்னால் அழகுக்காக வெட்டிய குளம். பரப்பு சுமார் 7 ஏக்கர். படகு விடுகிறவர்களுக்கு இதில் என்ன சிறப்பு என்றால், சுற்றிலும் திறந்த புல்வெளி, மரங்கள் தள்ளி நிற்கின்றன, அதனால் காற்று தடைபடாமல் குளத்தின் மேல் வந்து இறங்கும். மரங்கள் நெருக்கி நிற்கும் குளங்களில் காற்று ஒரு நிமிஷம் இந்தப் பக்கம், அடுத்த நிமிஷம் அந்தப் பக்கம் என்று சுற்றிக்கொண்டே இருக்கும், புதிதாகப் பழகுகிறவர் தன் கையில்தான் ஏதோ கோளாறு என்று மனம் தளர்ந்துவிடுவார். ரவுண்ட் பாண்டில் அந்தப் பிரச்சினை குறைவு. கரை முழுக்கக் கல் விளிம்பு கட்டியிருப்பதால் குனிந்து படகை இறக்குவதும் எடுப்பதும் சுலபம். 1876இல் தொடங்கிய ஒரு மாதிரிப் பாய்ப்படகுச் சங்கமும் 1884இல் தொடங்கிய இன்னொரு சங்கமும் இந்தக் குளத்தை மையமாக வைத்தே வளர்ந்தவை. அப்போது ரேடியோவே இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள், அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே படகு விட்டுக்கொண்டிருந்தபோது, மகன் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் வெகுநேரம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் தமிழ் என்பது போனில் பேசியதை வைத்துத் தெரிந்திருக்கும்.

"தம்பி, உள்ள மோட்டார் எங்க வச்சிருக்கீங்க?"

"மோட்டாரே இல்லைங்க ஐயா. காத்துலதான் ஓடுது."

"அப்ப காத்து இங்க இருந்து அங்கதானே அடிக்குது? எப்படித் திரும்பி நம்மகிட்ட வருது?"

இதைவிட நல்ல கேள்வி கிடையாது. பாய்ப்படகின் மொத்த வித்தையும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

ரிமோட்டில் நமக்கு வேண்டியது இரண்டே வேலைகள். வலது குச்சியை இடமும் வலமும் தள்ளினால் சுக்கான் திரும்பும். இடது குச்சியை மேலும் கீழும் தள்ளினால், படகுக்குள் இருக்கும் சர்வோ என்கிற சின்னக் கருவி ஒரு கயிற்றை இழுக்கும் அல்லது தளர்த்தும். அந்த ஒரே கயிறுதான் முன்பாய், பெரிய பாய் இரண்டையும் சேர்த்து உள்ளே இழுக்கிறது, வெளியே விடுகிறது. அவ்வளவுதான். காற்று பின்னாலிருந்து வந்தால் பாயை முழுக்க வெளியே விட வேண்டும். பக்கத்திலிருந்து வந்தால் பாதி. எதிர்க்காற்றில் ஏற வேண்டுமென்றால் பாயை நடுக்கோடு வரை இழுத்துக் கட்டிவிட்டு, காற்று வரும் திசைக்குச் சுமார் 45 பாகை சாய்வாக ஒரு பக்கம் ஓட்டி, அப்புறம் திருப்பி மறுபக்கம் 45 பாகை, இப்படி மாற்றி மாற்றிக் கோணலாக ஏறி வர வேண்டும். நேரே காற்றுக்குள் முகத்தை நீட்டினால் பாய் படபடவென்று அடிக்கும், படகு அப்படியே நின்றுவிடும். நின்றபின் மெல்லப் பின்னால் நகரத் தொடங்கும், அந்த நேரத்தில் சுக்கான் தலைகீழாக வேலை செய்யும், வலம் திருப்பினால் மூக்கு இடம் போகும். இது தெரிந்திருந்தால் பதற்றமில்லாமல் அந்த நிலையிலிருந்து வெளியே வரலாம்.

நீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் இது சாயாமல் நிற்பதன் காரணம் புரியும். உலகம் முழுக்கப் பந்தயத்துக்குப் பயன்படும் ஒரு மீட்டர் வகுப்புப் படகை எடுத்துக்கொள்ளுங்கள். ஐஓஎம் (இன்டர்நேஷனல் ஒன் மீட்டர்) என்பார்கள், 1988இல் வந்த விதி. உடல் நீளம் ஒரு மீட்டருக்கு மேல் போகக்கூடாது, மொத்த எடை 4 கிலோவுக்குக் குறையக்கூடாது. அந்த 4 கிலோவில் பாதிக்கும் மேல், 2200 முதல் 2500 கிராம் வரை, அடியில் தொங்கும் துடுப்பும் (கீல் என்கிற செங்குத்துத் தகடு) அதன் நுனியில் இருக்கும் ஈயக்குண்டும்தான். படகை எவ்வளவு காற்று சாய்த்தாலும் அந்தக் குண்டு இழுத்து நிமிர்த்திவிடும். பாய் தண்ணீரைத் தொடுமளவு படுத்துவிட்டு, காற்று தணிந்ததும் நீர் சொட்டச் சொட்ட எழுந்து அதே திசையில் ஓடத் தொடங்குவதைப் பார்க்கும்போது எனக்கு இன்னமும் மகிழ்ச்சியாக இருக்கிறது. அந்தப் பெரியவருக்கு ரிமோட்டைக் கையில் கொடுத்தேன். முதலில் வேண்டாம் என்றார். அப்புறம் அரைமணி நேரம் திருப்பித் தரவில்லை.

புதிதாகப் பழகுகிறவர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. படகு நம்மைவிட்டு விலகிப் போகும்போது நம் வலமும் அதன் வலமும் ஒன்று. நம்மை நோக்கி வரும்போது இரண்டும் எதிரெதிர். இதை மூளையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் அதற்குள் படகு கரையில் மோதிவிடும். வழி சுலபம்: படகு நம்மை நோக்கி வரும்போது அது எந்தப் பக்கம் விலகுகிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்கள், நடுவுக்கு வந்துவிடும். கொஞ்ச நாளில் இதை யோசிக்காமலே கை செய்யும்.

கண்ணுக்கும் ஒரு பயிற்சி வேண்டும். காற்று வருவதைத் தண்ணீரில் பார்க்க முடியும். வெறும் பளபளப்பாக இருக்கும் நீர்ப்பரப்பில் தூரத்தில் ஓரிடம் மட்டும் கருத்து, சின்னச் சின்னச் சுருக்கமாகச் சிலிர்க்கும், அந்தக் கருப்புத் திட்டு அப்படியே நகர்ந்து வரும். அது படகைத் தொடும் கணத்தில் படகு சாயும், மூக்கு தானாகக் காற்றுப் பக்கம் திரும்பப் பார்க்கும். திட்டு வந்து சேர்வதற்கு முன்பே கயிற்றை ஒரு விரலளவு தளர்த்தி வைத்திருந்தால் அந்தக் காற்றை வேகமாக மாற்றிக்கொள்ளலாம், பார்க்காமல் விட்டால் படகு காற்றுக்குள் திரும்பி நின்றுவிடும். நல்ல ஓட்டக்காரர்களைக் கவனித்துப் பாருங்கள், படகை அவர்கள் அதிகம் பார்ப்பதில்லை, படகுக்கு முன்னால் இருக்கும் தண்ணீரைத்தான் பார்க்கிறார்கள்.

இப்போது மோட்டார் படகு ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்கு வருகிறேன். கடைகளில் கிடைக்கும் வேகப் படகுகளில் இப்போது பிரஷ்லெஸ் மோட்டாரும் லித்தியம் பாலிமர் பேட்டரியும் இருப்பதால், ஒரு முழங்கை நீளமே இருக்கும் பிளாஸ்டிக் உடல் சைக்கிளை முந்தும் வேகத்தில் பாய்கிறது. அந்த வேகத்தில் அது ஒரு குஞ்சு வாத்தின் மேல் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு அருகில் இருக்கும் பூங்காக் குளமொன்றில் வசந்தகாலத்தில் ஒருவர் அப்படிப்பட்ட படகை அன்னக்குஞ்சுகள் இருந்த பக்கமாகவே திரும்பத் திரும்ப ஓட்டினார். தாய் அன்னம் இறக்கையைத் தூக்கிக்கொண்டு சீறியது, குஞ்சுகள் சிதறி ஓடின, கரையில் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். நானும் போய் நிறுத்தச் சொன்னேன், அவர் கேட்கவில்லை. அடுத்து அந்தக் குளத்தில் எல்லா ரிமோட் படகுகளுக்கும் தடை என்று பலகை வந்தது. ஒருவர் செய்த காரியத்துக்கு அங்கே வருஷக்கணக்காக அமைதியாகப் படகு விட்டவர்கள் எல்லோரும் இடத்தை இழந்தார்கள். எனக்கு அதில் இன்னமும் கோபம் இருக்கிறது.

மோட்டார் என்றாலே தப்பு என்று சொல்லவில்லை. கிழக்கு லண்டன் விக்டோரியா பூங்காவில் 1904இல் தொடங்கிய நீராவி மாதிரிப் படகுச் சங்கம் ஒன்று இருக்கிறது. உண்மையான கொதிகலன், உண்மையான நீராவி, சின்னப் புகைபோக்கியிலிருந்து மூச்சு விட்டபடி போகும் படகுகள். அங்கே பழைய வகைப் போட்டி ஒன்றும் நடக்கும்: ரேடியோ கிடையாது, கரையிலிருந்து குறிவைத்துக் கையால் விடுவார்கள், எதிரே கட்டிய வாயிலுக்குள் படகு நேராகப் போக வேண்டும். மெதுவாக நகரும் இழுவைப் படகு, மீன்பிடிப் படகு மாதிரிகளும் எந்தப் பறவையையும் பயமுறுத்துவதில்லை. என் மறுப்பு வேகத்துக்குத்தான். அந்த வேகப் படகுகளுக்கென்று சங்கங்கள் உண்டு, அவற்றுக்கென்று ஒதுக்கிய நீர்நிலைகளும் உண்டு, அங்கே போய் ஓட்டட்டும்.

இந்தக் குளங்கள் நமக்குச் சும்மா கிடைத்தவை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பல ஊர்களில், குறிப்பாகக் கடற்கரை ஊர்களில், மாதிரிப் பாய்ப்படகு விடுவதற்கென்றே வெட்டிய குளங்கள் இருக்கின்றன. பர்மிங்காமின் போர்ன்வில் பகுதியில் இருக்கும் குளம் 1930களில், பொருளாதார வீழ்ச்சியில் வேலை இழந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அவர்களை வைத்தே வெட்டியது. ஊரில் பஞ்சகாலத்தில் ஏரி வெட்டியும் கரை உயர்த்தியும் கூலி கொடுத்ததைப் படித்து வளர்ந்த நமக்கு இந்தச் செய்தி புதிதாகப் படாது. ஆனால் அந்தக் கூலி வேலையில் ஒரு விளையாட்டுக் குளம் பிறந்தது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

ரேடியோவுக்கு முன்னால் எப்படி ஓட்டினார்கள் என்றால், படகின் பின்பக்கத்தில் காற்றைப் பார்த்துத் திரும்பும் ஒரு சின்ன இறக்கை இருக்கும், அது சுக்கானோடு இணைந்திருக்கும். காற்றுக்கு இத்தனை பாகை என்று அதைத் திருகிவைத்து விட்டால், படகு தானாகவே அந்தக் கோணத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். கரையை நெருங்கும்போது உரிமையாளர் கையில் ஒரு கோலோடு ஓடி வந்து, கோலால் தள்ளித் திருப்பிவிடுவார். குளத்தைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இன்றும் இந்த வகைப் படகுகளைப் பிடிவாதமாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், பார்க்கக் கிடைத்தால் தவறவிடாதீர்கள்.

ரேடியோ மூலம் ஒரு பொருளை ஓட்டிக் காட்டிய முதல் ஆட்களில் ஒருவர் நிகோலா டெஸ்லா, அவர் ஓட்டிக் காட்டியதும் ஒரு படகைத்தான். 1898இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், தொட்டித் தண்ணீரில். காரும் விமானமும் பின்னால்தான் வந்தன. அப்புறம் பல பத்தாண்டுகள் 27 மெகாஹெர்ட்ஸ், இங்கே பிரிட்டனில் 40 மெகாஹெர்ட்ஸ் என்று ஓடியது. அந்தக் காலத்தில் ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ரிமோட்டைப் போட்டால் இரண்டு படகும் தறிகெட்டு ஓடும். அதனால் குளக்கரையில் ஒரு பலகை வைத்து, யார் எந்த அலைவரிசை என்று கிளிப் குத்தி, ஆன்டெனாவில் அந்த நிறத்துக்கான ரிப்பன் கட்டிவிட்டுத்தான் ரிமோட்டையே போடுவார்கள். பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று வரிசை. மூத்தவர்கள் சிலர் இன்னமும் யாராவது புதிதாக வந்தால் "நீ என்ன நிறம்?" என்று பழக்கத்தில் கேட்டுவிடுகிறார்கள். இப்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒவ்வொரு ரிமோட்டும் தன் ரிசீவரை மட்டும் அடையாளம் கண்டு பேசுகிறது, பத்துப் பதினைந்து படகுகள் ஒன்றாக ஓடினாலும் குழப்பம் இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் நுழையாது, கார்பன் ஃபைபரையும் தாண்டாது. ரிசீவரின் ஆன்டெனா நுனி படகுக்குள் முடிந்த அளவு உயரமாக, நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். மாதிரி நீர்மூழ்கிக் கப்பல் ஓட்டுகிறவர்கள் இன்றும் 40 மெகாஹெர்ட்ஸைக் கைவிடாததற்கு இதுதான் காரணம்.

சரி, எங்கே விடலாம்? பொது நீர்நிலை என்றால் யாருடையதும் இல்லை என்று அர்த்தம் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. கென்சிங்டன் கார்டன்ஸ் ராயல் பார்க்ஸிடம் இருக்கிறது, ஹாம்ப்ஸ்டெட் ஹீத் என்கிற வடக்கு லண்டன் திறந்தவெளி சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷனிடம், விக்டோரியா பூங்கா டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சிலிடம், கால்வாய்கள் கனால் அண்ட் ரிவர் ட்ரஸ்ட்டிடம். ஒவ்வொருவருக்கும் தனித்தனி விதி. பாய்க்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று என்று வேறுபடுவதும் உண்டு. நுழைவாயில் பலகையைப் படியுங்கள், சந்தேகம் இருந்தால் பூங்கா அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், பதில் வரும். மாடல் யாட்டிங் அசோசியேஷனில் இணைந்த சங்கம் ஒன்றில் உறுப்பினரானால் மூன்றாம் நபர் காப்பீடும் சேர்ந்து கிடைக்கும். 4 கிலோ படகு ஒருவர் காலிலோ இன்னொருவர் படகிலோ இடித்தால் அது உதவும்.

ஹாம்ப்ஸ்டெட் ஹீத்தை ஒருமுறை நேரில் பார்த்தால் நான் சொல்வதன் பொருள் புரியும். அங்கே ஹைகேட் பக்கம் குளங்கள் படிக்கட்டு மாதிரி ஒன்றன் கீழ் ஒன்றாக வரிசையாக இருக்கின்றன. நடுவில் இருப்பது மாதிரிப் படகுக் குளம், பெயரே மாடல் போட்டிங் பாண்ட். அதற்கு மேலே இருப்பது பறவைகள் சரணாலயக் குளம். கீழே இருப்பது ஆண்கள் நீந்தும் குளம். படகுக் குளத்திலேயே தூண்டில் போடுகிறவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். அணைகளைப் பலப்படுத்தும் வேலை 2015-16இல் நடந்தபோது இந்தக் குளத்துக்குள் ஒரு சின்னத் தீவும் உண்டானது. பறவை, மனிதன், மீன், படகு, நான்கும் கூப்பிடு தூரத்துக்குள். ஒருவர் கொஞ்சம் அத்துமீறினாலும் மற்ற மூவருக்கும் உடனே தெரியும்.

கால்வாய் வேண்டாம் என்பது என் கருத்து. ரீஜென்ட்ஸ் கால்வாய் விக்டோரியா பூங்காவை ஒட்டியே ஓடுகிறது, ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு பக்கமும் கட்டடமும் மரமும் காற்றை அடைத்துவிடும். அதோடு நாரோபோட் என்கிற அந்த நீளமான வீட்டுப் படகுகள், 70 அடி வரை நீளம், பல டன் எடை, மணிக்கு 4 மைல் வேகத்தில் வந்தாலும் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. பின்னால் நின்று ஓட்டுகிறவருக்கு மூக்கின் முன்னால் மிதக்கும் நம் படகு தெரியவே தெரியாது. லாக் மதகைத் திறந்தால் தண்ணீர் இழுக்கும் இழுப்பில் படகு அந்தப் பக்கம் போய்விடும். காற்றும் இல்லை, இடமும் இல்லை, எதற்கு?

அன்னங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏப்ரல் வாக்கில் முட்டையிட்டு ஐந்தாறு வாரம் அடைகாக்கும், மே மாதம் குஞ்சுகள் வரும். அந்த மாதங்களில் ஆண் அன்னத்துக்குக் குளமே தன் வீடு. வெள்ளைப் பாயோடு நகரும் ஒன்றை அது இன்னொரு அன்னமாகவே எடுத்துக்கொண்டு, கழுத்தைப் பின்னால் வளைத்து, இறக்கையைப் பாய்போல உயர்த்திக்கொண்டு நேரே வரும். அப்படி வந்தால் விளையாட்டை நிறுத்திப் படகைக் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள், அல்லது குளத்தின் மறுகோடிக்குப் போய்விடுங்கள். காட்டுப் பறவையின் கூட்டை வேண்டுமென்றே சேதப்படுத்துவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நாம் விலகிப் போகத்தான் வேண்டும். தூண்டில்காரரிடம் முதலிலேயே போய், நூல் எங்கே கிடக்கிறது என்று கேட்டுவிடுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பாதிச் சச்சரவு தீர்ந்துவிடும், நூல் துடுப்பில் சிக்காமல் நமக்கும் நல்லது.

படகு நடுக்குளத்தில் நின்றுவிட்டால் தண்ணீரில் இறங்கக் கூடாது. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்த நீர் உடம்பைத் தொட்டதும் மூச்சு நம்மையறியாமல் இழுக்கும், நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அந்த முதல் நிமிஷத்தில் நீரை விழுங்கிவிடலாம். இங்கே வருஷத்தின் பெரும்பகுதி குளத்து நீர் அதைவிடக் குளிர்ச்சிதான். அடியில் சேறு எவ்வளவு என்றும் தெரியாது. பாய்ப்படகின் இன்னொரு நன்மை இங்கே தெரியும்: பேட்டரி தீர்ந்தாலும் காற்று ஏதாவதொரு கரைக்கு அதைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்துவிடும், காத்திருந்தால் போதும். பாசியில் சிக்கிக்கொண்டால் ஒரு டென்னிஸ் பந்தில் துளையிட்டு நீளமான மீன்பிடி நூல் கட்டிப் பையில் வைத்திருங்கள். படகுக்கு அப்பால் விழும்படி பந்தை எறிந்து, நூல் பாய்மரத்தின் மேல் படும்படி கரையில் நடந்து, மெதுவாக இழுத்தால் வந்துவிடும்.

கோடையில் நீர் பச்சைப் பெயின்ட் கொட்டியது மாதிரி இருந்தால் அன்று படகு விட வேண்டாம். அது நீலப்பச்சைப் பாசி, நாய்கள் அந்த நீரைக் குடித்துச் செத்துப்போகின்றன, நம் தோலுக்கும் ஆகாது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு இறக்குங்கள், எலிக்காய்ச்சல் குளத்து நீரிலிருந்தும் வரும். சாப்பிடும் முன் கை கழுவச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

பலரும் கவனிக்காத விஷயம், ஒரு குளத்தில் விட்ட படகை அடுத்த குளத்தில் விடுவதற்கு முன் சுத்தம் செய்வது. ஊரில் ஆகாயத்தாமரை ஏரிகளை என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். இங்கே அதே வேலையைச் செய்வது ஃப்ளோட்டிங் பென்னிவொர்ட் என்கிற மிதக்கும் கொடி, வளரும் காலத்தில் ஒரு நாளைக்கு 20 சென்டிமீட்டர் வரை படரும். மீன்தொட்டிக்காக விற்ற செடி, கால்வாயிலும் ஆற்றிலும் தப்பிப் பரவிவிட்டது. 2014இல் இதையும் இன்னும் நான்கு நீர்த்தாவரங்களையும் விற்கக் கூடாது என்று தடை வந்தது. 2010இல் கேம்பிரிட்ஜ்ஷயரின் கிராஃபம் வாட்டர் நீர்த்தேக்கத்தில் கொலைகார இறால் என்று பெயர் வாங்கிய ஒரு வெளிநாட்டு இறால் இனம் பிரிட்டனில் முதன்முதலாகத் தென்பட்டது, உள்ளூர்ப் பூச்சிகளையும் சின்ன மீன்களையும் தின்று தீர்க்கும். இவையெல்லாம் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு பயணம் செய்பவை. ஒரு மீட்டர் படகில் எங்கே ஒட்டும் என்றால், சுக்கான் தண்டுக்கும் உடலுக்கும் நடுவில் உள்ள இடுக்கு, துடுப்பு உடலோடு சேரும் பள்ளம், உள்ளே புகுந்த அரை டம்ளர் நீர். கரையிலேயே கொடி, பாசி எல்லாவற்றையும் எடுத்துப் போட்டு, உள்ளே இருக்கும் நீரை அந்தக் குளத்திலேயே கொட்டிவிட்டு, வீட்டில் நல்ல தண்ணீரில் கழுவி, மேல்மூடியைத் திறந்துவைத்து முழுக்கக் காயவிடுங்கள். அதற்கு ஒரு வாரம் இடைவெளி விட்டால் இன்னும் நல்லது.

கடைசியாக எதை வாங்குவது. ஐஓஎம் அருமையான படகு, ஆனால் விலை ஆயிரம் பவுண்டைத் தாண்டிப் போகும், தொடக்கத்தில் அவ்வளவு தேவையில்லை. டிராகன்ஃபோர்ஸ் 65 என்று ஒன்று வருகிறது, நீளம் 65 சென்டிமீட்டர், பஸ்ஸிலும் ட்யூபிலும் கையில் எடுத்துக்கொண்டு போகலாம், ஒரு மாலை நேரத்தில் பூட்டி முடித்துவிடலாம். இங்கே பல சங்கங்களில் அதற்கென்றே பந்தயம் நடக்கிறது, எல்லோருக்கும் ஒரே மாதிரிப் படகு என்பதால் பணத்துக்கு அங்கே வேலையில்லை, காற்றைப் படிக்கத் தெரிந்தவர்தான் ஜெயிப்பார். வாங்கியதும் மேல்மூடி, கயிறு வெளியே வரும் துளை, சுக்கான் குழாய் மூன்றிலும் நீர் புகாதா என்று பாருங்கள். சுக்கான் குழாயில் கொஞ்சம் கிரீஸ், மூடியைச் சுற்றி டேப், போதும்.

பந்தயம் போகப் போகப் பிடிக்கும். பெரிய பாய்ப்படகுகளுக்கு இருக்கும் அதே விதிகள், ரேடியோ படகுகளுக்கென்று சில திருத்தங்களோடு. வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகுக்கு வழிவிட வேண்டும். பாதையைக் குறிக்கும் மிதவையைச் சுற்ற உள்பக்கப் படகுக்கு இடம்விட வேண்டிய எல்லை, பெரிய படகுகளுக்கு மிதவையிலிருந்து மூன்று படகு நீளத்தில் தொடங்கும், நமக்கு நான்கு, ஏனென்றால் கரையில் நின்று தூரத்தைக் கணிப்பது கடினம். இன்னொரு படகை இடித்துவிட்டோம் என்று நமக்கே தெரிந்தால், யாரும் சொல்லாமலே ஒரு முழுச்சுற்று சுற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஒன்பது வயதுப் பெண்ணும் எழுபது வயதுத் தாத்தாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஓட்டி, இடித்தவர் சத்தமில்லாமல் சுற்றிவிட்டு வருவதை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம்.

வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிறு காலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ரவுண்ட் பாண்டுக்கோ விக்டோரியா பூங்காவுக்கோ போய்ச் சும்மா நின்று பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பந்தயத்தின் நடுவில் பேச்சுக் கொடுக்காமல், படகுகள் கரைக்கு வந்தபின் கேளுங்கள். பெரும்பாலும் ரிமோட்டையே கையில் கொடுத்துவிடுவார்கள். குயின்ஸ்வே ஸ்டேஷனில் இறங்கினால் ரவுண்ட் பாண்டுக்குப் பத்து நிமிஷ நடை, குடையோடு காற்றுக்கு ஒரு ஜாக்கெட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.